கணக்குக் கேட்பாரற்ற பட்டாளமும் வாழைமர நோட்டும்



ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி நம்மவர் வீடுகளில் பேச்சு எழுந்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று மரவள்ளிக்கிழங்கு, மற்றொன்று சயாம் ரயில், மூன்றாவது வாழைமர நோட்டு. கிழங்கின் கதையைத் தாய்மார்கள் சொல்லுவார்கள். ரயிலின் கதையைத் தோட்டத்து மக்கள் சொல்லுவார்கள். நோட்டின் கதை வியாபாரிகளாகிய நம்முடையது. கோலா சுங்கை பாருவிலாகட்டும், மஸ்ஜித் தானாவிலாகட்டும், மலாக்கா பட்டணத்திலாகட்டும், அந்நாளில் கடை வைத்திருந்தவர்கள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் சரக்கைக் கொடுத்தார்கள். மறுத்தால் கெம்பித்தாய் என்னும் ராணுவப் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் காகிதம் நம் கல்லாப்பெட்டிக்குள் எந்த வழியாக வந்தது என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை. "யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், நோட்டு வந்தது" என்று சொல்லி முடித்து விடுகிறோம். ஆனால் ஜப்பான் கொள்ளைக் கூட்டத்தார் ஆண்ட நாடன்று. அங்கே எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது, பாராளுமன்றம் இருந்தது, கட்சிகளும் தேர்தலும் பத்திரிகைகளும் இருந்தன. 1925-ஆம் ஆண்டிலேயே இருபத்தைந்து வயது நிறைந்த ஆண்களுக்கெல்லாம் வாக்குரிமை வழங்கிய நாடு அது. அப்படியிருந்தும் அதன் பட்டாளம் கடல் தாண்டி வந்து ஆதாரமில்லாத நோட்டை நம் கையில் திணித்தது எப்படி? இதுவே நமது இன்றைய பாடம்.

கறுப்புக் கப்பல்களும் சுங்க வரியும்

1853-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு போர்க் கப்பல்களுடன் இன்றைய டோக்கியோவுக்கு அருகே வந்து நின்றார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தன் வாசலை ஏறக்குறைய மூடி வைத்திருந்த ஜப்பான், மறு ஆண்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1858-இல் பல வல்லரசுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்னும் கடுமையானவை. ஜப்பானியத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் விதிப்பது என்பதை ஜப்பான் தானாகத் தீர்மானிக்க முடியாது. அங்கே குற்றம் செய்த அந்நியனை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்கவும் முடியாது. தன் கடை வாசலில் தானே விலை சொல்ல முடியாதவன் நிலை எத்தகையது என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த அவமானத்தைத் துடைப்பதே 1868-இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியின் முதல் குறிக்கோளாயிற்று. "செல்வம் மிக்க நாடு, வலிமை மிக்க படை" என்பது அக்காலக் கோஷம். அந்நிய நீதிமன்ற உரிமை 1899-இல் ஒழிந்தது. சுங்க வரி விதிக்கும் முழு உரிமை 1911-இல்தான் திரும்பக் கிடைத்தது. பொறுமையாக, சட்டம் கற்று, தொழில் கற்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து மீட்டெடுத்த உரிமை அது. ஆசியாவிலும் அரபு நாடுகளிலும் துருக்கியிலும் மக்கள் ஜப்பானைப் புகழ்ந்ததில் நியாயம் இருந்தது. 1905 மே மாதம் சுஷிமாக் கடற்போரில் ருஷ்யக் கப்பற்படையை ஜப்பான் அழித்தபோது, அடிமைப்பட்டிருந்த நாடுகளிலெல்லாம் மகிழ்ச்சி பொங்கிற்று.

ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு விஷயம் மறைந்து போயிற்று. அந்த வெற்றிக்குப் பின் ஐந்தே ஆண்டுகளில், 1910-இல், ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தைவான் 1895-லேயே அதன் கைக்குப் போய்விட்டது. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை வெறுத்தவர்கள் அதே அநீதியைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இழைத்தார்கள்.

அரசியல் சட்டத்தில் இருந்த ஓட்டை

1889-ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியல் சட்டப்படி, தரைப்படை, கப்பற்படை இரண்டின் தலைமையும் சக்கரவர்த்திக்கே உரியது. படிக்கும்போது சாதாரண வாசகமாகத் தோன்றும். நடைமுறையில் அதன் பொருள் யாதெனில், படைத் தலைவர்கள் பிரதம மந்திரிக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதாகும். அத்துடன் 1900-இல் இன்னொரு விதி சேர்ந்தது. யுத்த மந்திரியும் கப்பற்படை மந்திரியும் பணியில் இருக்கும் தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்பதே அவ்விதி.

இதைக் கடைக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். ஒரு கடையில் பல கூட்டாளிகள். அவர்களில் ஒருவன் மட்டும், "நான் மாடியில் இருக்கும் பெரியவரிடம்தான் கணக்குச் சொல்வேன், உங்களிடம் சொல்ல மாட்டேன்" என்கிறான். மாடியில் இருப்பவரோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மேலும் அந்தக் கூட்டாளி விலகினால் கடையையே மூட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கடையில் முதலாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது நடந்தும் காட்டிற்று. 1912-இல் தரைப்படை இன்னும் இரண்டு டிவிஷன் கேட்டது. மந்திரி சபை பணமில்லை என்றது. யுத்த மந்திரி விலகினார். பட்டாளம் வேறு ஆளைத் தர மறுத்தது. சையோன்ஜி மந்திரி சபை கவிழ்ந்தது. இதைக் கண்டு மக்கள் கொதித்தெழுந்ததால் 1913-இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதன் பின் சுமார் இருபது ஆண்டுகள் கட்சி மந்திரி சபைகள் ஓரளவு தலை தூக்கின. ஜப்பானிய ஜனநாயகத்தின் நல்ல காலம் அது.

பிறகு துப்பாக்கி பேசத் தொடங்கியது. 1930-இல் ஹமகுச்சி என்ற பிரதம மந்திரி டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, மறு ஆண்டு இறந்தார். 1931 செப்டம்பர் 18-ஆம் தேதி மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் அதிகாரிகள் தாங்களே ரயில் பாதையில் வெடி வைத்து, பழியைச் சீனர் மேல் போட்டு, டோக்கியோ மந்திரி சபையின் உத்தரவின்றியே நாட்டைப் பிடிக்கத் தொடங்கினார்கள். மந்திரி சபை பின்னால் ஓடி ஒப்புதல் கொடுத்தது. 1932 மே 15-ஆம் தேதி இனுகாய் என்ற பிரதம மந்திரியை இளம் கப்பற்படை அதிகாரிகள் அவரது வாசஸ்தலத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 1936-இல் பழைய விதி மீண்டும் உயிர் பெற்றது. 1940 ஜூலையில் யோனாய் மந்திரி சபை அதே தந்திரத்தால் கவிழ்க்கப்பட்டது. அதன் பின் வந்தவர்கள் அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஜெர்மனியுடனும் இத்தாலியுடனும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ஆக, ஜப்பானிய மக்கள் எல்லாரும் ஒருமனதாக எழுந்து நம்மீது படையெடுத்தார்கள் என்று நினைப்பது சரியன்று. பட்டாளத்தைக் கணக்குக் கேட்க உரிமையில்லாத சட்டம் முதலில் வந்தது. கணக்குக் கேட்கத் துணிந்தவர்கள் மாண்டது அடுத்தபடி. யுத்தம் மூன்றாவது.

சிங்கப்பூரில் ஒரே தேதி இரு முறை

வெளிநாட்டு உறவில் ஜப்பான் நெடுங்காலம் ஆங்கிலேயரின் தோழன் என்பதை இன்று பலர் அறியார். 1902 ஜனவரி 30-இல் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தம் செய்தன. 1905-இல் அதைப் புதுப்பித்தபோது இந்தியாவின் பாதுகாப்பையும் அதில் சேர்த்தார்கள். அதாவது இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சியை வெளியார் தாக்கினால் ஜப்பானும் காவலுக்கு வரும்! ஆசியாவின் விடுதலை வீரன் என்று பின்னாளில் தன்னைச் சொல்லிக்கொண்டவரின் பழைய கைச்சீட்டு இது.

அச்சீட்டு ஒரு முறை செல்லுபடியும் ஆயிற்று. 1915 பிப்ரவரி 15-ஆம் தேதி, சிங்கப்பூரில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படை என்ற இந்திய முஸ்லிம் பட்டாளத்தார் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். துருக்கியுடன் ஆங்கிலேயர் போர் புரிந்துகொண்டிருந்த நேரம் அது. கிளர்ச்சியை அடக்க வந்தவர்களுள் ஜப்பானியப் போர்க் கப்பல்களின் மாலுமிகளும், சிங்கப்பூரில் குடியிருந்த ஜப்பானியத் தொண்டர்களும் இருந்தார்கள். நாற்பத்தேழு சிப்பாய்கள் பகிரங்கமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கஸிம் மன்சூர் என்ற குஜராத்தி முஸ்லிம் வியாபாரி தனி வழக்கில் தூக்கிலிடப்பட்டார். அந்நிகழ்ச்சிக்குச் சரியாக இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், அதே பிப்ரவரி 15-ஆம் தேதி, புக்கிட் தீமா போர்ட் தொழிற்சாலையில் ஆங்கிலத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார்.

இடையில் நடந்தது என்ன? 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், இனங்களுக்குள் சமத்துவம் என்ற வாசகத்தைச் சர்வதேச சங்கச் சாசனத்தில் சேர்க்க வேண்டுமென்று ஜப்பான் கேட்டது. நியாயமான கோரிக்கை. வல்லரசுகள் அதைத் தள்ளிவிட்டன. 1921-22 வாஷிங்டன் மாநாட்டில் ஆங்கில ஜப்பானிய நட்பொப்பந்தம் கைவிடப்பட்டது. 1924-இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேறுவதைச் சட்டத்தால் தடுத்தது. ஆங்கிலேயரும் சிங்கப்பூரில் பெரிய கப்பற்படைத் தளம் கட்டத் தொடங்கினார்கள். இவையெல்லாம் ஜப்பானில் மிதவாதிகளின் வாயை அடைத்தன. பட்டாளத்தாரின் கைக்கு வலுவூட்டின.

வியாபாரத்திலும் உரசல் இருந்தது. உலக மந்தக் காலத்தில் ஜப்பானியத் துணி மலிவாக வந்து குவிந்தது. ஏழைத் தோட்டத் தொழிலாளிக்கு அது உதவியாயிருந்தது. துணிக்கடை வைத்திருந்த நம்மவர்க்கும் நல்ல விற்பனை. லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூச்சலிட்டதன் பேரில் 1934-இல் ஆங்கில சர்க்கார் மலாயா உள்ளிட்ட குடியேற்ற நாடுகளில் ஜப்பானியத் துணிக்கு அளவு கட்டுப்பாடு விதித்தது. அதே சமயம் ஜொகூர், திரங்கானு சுரங்கங்களிலிருந்து இரும்புத்தாது ஜப்பானியக் கம்பெனிகளாலேயே வெட்டப்பட்டு ஜப்பானுக்குச் சென்றுகொண்டிருந்தது! அதில் உருக்கிய எஃகு எந்த உருவில் திரும்பி வந்தது என்பதை 1941 டிசம்பரில் கண்டோம்.

அவ்வாண்டு ஜூலையில் ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவில் நுழைந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் டச்சுக்காரரும் ஜப்பானின் சொத்துக்களை முடக்கி, எண்ணெய் விற்பதை நிறுத்தினர். ஜப்பான் வாங்கிய எண்ணெயில் பெரும் பகுதி அமெரிக்க எண்ணெயே. கையிருப்பு தீர்வதற்குள் தெற்கே சென்று எண்ணெயும் ரப்பரும் ஈயமும் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலை கோத்தா பாருவில் இறங்கினார்கள். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கும் சிறிது நேரம் முந்தியது அது. ஜனவரி நடுவில் மலாக்கா அவர்கள் கையில்.

பலகையும் பேரேடும்

"ஆசியா ஆசியருக்கே" என்பது அவர்கள் வெளியே மாட்டிய பலகை. உள்ளே பேரேட்டில் எழுதியது வேறு. 1943 மே 31-ஆம் தேதி டோக்கியோவில் சக்கரவர்த்தியின் முன் கூடிய கூட்டத்தில் ஒரு ரகசியத் தீர்மானம் நிறைவேறியது. பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அவ்வாண்டே சுதந்திரம் தருவது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, செலிபிஸ் ஆகியவற்றை ஜப்பானின் சொந்தப் பிரதேசமாக்கி, மூலப் பொருள் தரும் நிலமாக வைத்துக்கொள்வது. இதை வெளியில் சொல்லாதிருப்பது. இந்த மூன்றாவது அம்சத்தைக் கவனியுங்கள். ரப்பரும் ஈயமும் இல்லாதிருந்தால் நமக்கும் ஒரு கொடி கிடைத்திருக்குமோ என்னவோ!

அவ்வாண்டு அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் தாய்லாந்துக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அம்மாநில மக்களைக் கேட்கவில்லை. நவம்பரில் டோக்கியோவில் மகா கிழக்காசிய மாநாடு கூடியது. சுபாஷ் சந்திர போஸ் பார்வையாளராகச் சென்றார். மலாயாவுக்கு நாற்காலி இல்லை.

போஸின் இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்ததும் தோட்டத் தொழிலாளரும் வியாபாரிகளும் பொருளையும் பிள்ளைகளையும் கொடுத்தது உண்மை. மனமுவந்து கொடுத்தவர்கள் பலர். நிர்ப்பந்தத்துக்காகக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களது தேசபக்தியை ஜப்பானியக் கொள்கையோடு ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம்.

முஸ்லிம்களிடமும் இப்பலகை காட்டப்பட்டது. ஜப்பானில் இரண்டு பள்ளிவாசல்களின் வரலாறு இதை நன்கு விளக்கும். கோபே நகரப் பள்ளிவாசல் 1935-இல் திறக்கப்பட்டது. அங்கே வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்களும், தாத்தாரியரும், பிற நாட்டு முஸ்லிம்களும் தங்கள் பணத்தைச் சேர்த்துக் கட்டியது அது. டோக்கியோப் பள்ளிவாசல் 1938-இல், பட்டாளத்துக்கு வேண்டிய தீவிர தேசியவாதிகளின் ஆதரவுடன் எழுந்தது. முஸ்லிம் உலகத்தைத் தம் பக்கம் இழுக்கும் எண்ணம் அதில் ஒளிந்திருந்தது. யுத்தத்தின்போது, 1943-இல், கோபேப் பள்ளிவாசலைக் கப்பற்படை எடுத்துக்கொண்டது. இஸ்லாத்தின் நண்பன் என்று வானொலியில் பேசிய சர்க்காரின் செயல் அது. ஜாவாவில் டோக்கியோவை நோக்கிக் குனிந்து வணங்கச் சொன்னபோது, சுமத்ராவின் பேரறிஞர் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் அவர்கள் எழாமல் அமர்ந்தே இருந்தார்கள். கோபேப் பள்ளிவாசல் 1945 குண்டு வீச்சையும் 1995 பூகம்பத்தையும் தாங்கி இன்றும் நிற்கிறது.

நோட்டின் கதை

வந்த பட்டாளம் தன் பெட்டியிலேயே நோட்டையும் கொண்டு வந்தது. யுத்தம் தொடங்குமுன்பே அச்சடித்துத் தயாராக வைத்திருந்தவை அவை. பழைய மலாயா வெள்ளிக்கு இது வெள்ளிக்கு வெள்ளி சமம் என்று கட்டளையிட்டார்கள். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் எல்லாவற்றுக்குமே வாழைமர நோட்டு என்று பெயர் வந்தது. முதலில் வந்த நோட்டுகள் சிலவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் எண்ணே இல்லை, எழுத்து மட்டும். எண்ணில்லாத நோட்டை எத்தனை அடித்தார்கள் என்று எவன் கணக்குப் பார்ப்பான்? அவர்களது பணம் எந்தப் பொருளையும் ஆதாரமாக வைத்து வெளிவரவில்லை. பட்டாளத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அச்சாயிற்று. மந்திரி சபைக்குக் கணக்குக் காட்டாமல் பழகியவர்கள் மலாக்காக் கடைக்காரனுக்கா கணக்குக் காட்டுவார்கள்?

பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்தது. துணி இல்லை, மருந்து இல்லை. சரக்குச் சுருங்கச் சுருங்க நோட்டுப் பெருகியது. கடைசியில் மாட்டு வண்டிப் படம் போட்ட ஆயிரம் வெள்ளி நோட்டே வந்துவிட்டது. சீன சமூகத்தாரிடம் ஐந்து கோடி வெள்ளி கட்டாயக் காணிக்கை கேட்டபோது, அவர்களால் இரண்டு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் திரட்ட முடியவில்லை. மிச்சத்தை யோகஹாமா ஸ்பீஸி பாங்கியிலேயே கடன் வாங்கி, வாங்கிய கையோடு அவர்களிடமே கொடுக்கும்படி ஆயிற்று. இதற்கு என்ன பெயர் சொல்வதென்று எந்த வியாபார நூலிலும் இல்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மூன்றரை ஆண்டு வியாபாரத்தின் லாபம் ஒரே நாளில் குப்பை. பழைய வெள்ளியைப் புதைத்து வைத்தவன் பிழைத்தான். சட்டத்துக்குப் பயந்து மாற்றிக்கொண்டவன் நின்றான்.

அதைவிடச் சிக்கலானது கடன் விவகாரம். யுத்தத்துக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, மதிப்பிழந்த நோட்டில் அடைத்தவர்கள் இருந்தார்கள். வாங்கிக்கொள்ள மறுக்கக் கொடுத்தவனுக்குத் துணிவில்லை. அக்கடன் தீர்ந்ததா, இல்லையா? இதற்காகவே 1948-இல் ஒரு சட்டம் வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய வெள்ளிக்கு மாதாமாதம் என்ன மதிப்பு இருந்தது என்று அட்டவணை போட்டு, எந்தப் பட்டுவாடா முழுதாகச் செல்லும், எது அட்டவணைப்படி குறைத்துக் கணக்கிடப்படும் என்று வகுத்தார்கள். கூட்டாளிகளும் உறவினரும் இதன் பேரில் நீதிமன்றம் ஏறிய சோகம் பல ஊர்களில் நடந்தது.

நஷ்டம் யாருக்கு, ஈடு யாருக்கு?

1951 செப்டம்பர் 8-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலாயா அப்போது பிரிட்டனின் கையில் இருந்ததால் நமக்காகவும் பிரிட்டனே கையெழுத்திட்டு, யுத்த நஷ்டஈட்டு உரிமையை விட்டுக் கொடுத்தது. அவ்வுடன்படிக்கையின் ஒரு பிரிவு, ஜப்பானியரிடம் கைதிகளாகத் துன்புற்ற நேச நாட்டுப் போர் வீரர்களுக்கு ஓரளவு பணம் கிடைக்க வழி செய்தது. சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தனர். அவர்கள் போர் வீரர்களல்லர், ஆகையால் அந்தப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. நம் கடைகளில் பற்று எழுதி அரிசி வாங்கியவர்கள் அவர்கள்தாம்.

1962-இல் சிங்கப்பூரில் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டபோது "இரத்தக் கடன்" என்ற குரல் எழுந்தது. மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 1967 செப்டம்பர் 21-இல் கோலாலம்பூரில் ஒப்பந்தமாயிற்று. இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி பெறுமானமுள்ள பொருளும் சேவையும் நன்கொடையாக, இரண்டு சரக்குக் கப்பல் வடிவில் வந்தன. "நஷ்டஈடு" என்ற சொல்லை ஜப்பான் விரும்பவில்லை. நாட்டுக்குக் கப்பல் கிடைத்தது நன்மையே. ஆனால் ரயில் பாதையில் தகப்பனை இழந்த வீட்டின் படிக்கு அந்தக் கப்பல் வந்து சேரவில்லை.

ஓட்டை அடைபட்ட விதம்

1947 மே 3 முதல் நடைமுறையில் உள்ள ஜப்பானியப் புதிய அரசியல் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவையே எல்லாரும் பேசுவார்கள். யுத்தத்தைத் துறக்கும் பிரிவு அது. நமது பாடத்துக்கு இன்னும் முக்கியமானது அறுபத்தாறாம் பிரிவு. பிரதம மந்திரியும் மற்ற மந்திரிகளும் ராணுவத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. 1900-ஆம் ஆண்டின் விதியைத் தலைகீழாகத் திருப்பியதுபோல! நாட்டின் பணத்தைச் செலவிடும் அதிகாரமும் பாராளுமன்றத்தின் கையில் வைக்கப்பட்டது.

மனிதர்கள் மட்டும் உடனே மாறிவிடவில்லை. 1941-இல் யுத்தம் தொடுத்த தோஜோ மந்திரி சபையில் இருந்த கிஷி, 1957-இல் பிரதம மந்திரியாகி, அவ்வாண்டு நவம்பரில், சுதந்திரம் பெற்று மூன்று மாதமும் ஆகாத மலாயாவுக்கே விருந்தினராக வந்தார். துங்கு அவர்கள் பகையை வளர்க்கவில்லை. 1960-இல் வர்த்தக ஒப்பந்தம் செய்தோம். 1977-இல் பிரதமர் புகுதா மணிலாவில், ஜப்பான் இனி ராணுவ வல்லரசாகாது, தென்கிழக்காசியாவுடன் சமமான துணையாக நடக்கும் என்று உறுதி கூறினார். 1982-இல் டாக்டர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை வகுத்தார். நம் பிள்ளைகள் தொழில் கற்க ஜப்பான் சென்றார்கள்.

2015 செப்டம்பரில் ஜப்பானியப் பாராளுமன்றம், நேச நாட்டின் உதவிக்கும் சில நிபந்தனைகளுடன் படையை அனுப்பலாம் என்று புதிய சட்டம் செய்தது. 2023 டிசம்பரில் மலேசிய ஆயுதப் படைகளின் கடற்கண்காணிப்புக்காக ஜப்பான் நாற்பது கோடி யென் உதவி அறிவித்தது. மலாக்கா நீரிணையில் ஓடும் எண்ணெய்க் கப்பல்களை நம் கரையிலிருந்தே பார்க்கிறோம். ஜப்பானுக்குப் போகும் எண்ணெயில் பெரும் பகுதி இவ்வழியேதான் செல்கிறது. 1941-இல் எண்ணெய்க்காக எடுத்த முடிவு மேல்மாடியில் மூடிய கதவுக்குள் எடுக்கப்பட்டது. 2015-இல் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, ஆகஸ்டு மாத மழையில் பல்லாயிரம் ஜப்பானியர் டோக்கியோப் பாராளுமன்ற வாசலில் திரண்டு நின்று, தங்கள் சர்க்காரைக் கணக்குக் கேட்டார்கள்.